தொண்ணூற்றொன்றுக்கு நேரே

பாலன்: ...அதுக்கில்லைக்கா. எண்பத்தாறுல இருந்து போன வருஷம் வரைக்கும் விருதுப் பட்டியல்ல பதினோரு வரி. பத்து வரியில பேர் இருக்கு. தொண்ணூத்தொண்ணுக்கு நேரே காலி. நான் என்ன எழுதறது?

சுலோசனா: காலின்னு எழுது.

பாலன்: காலியை எப்படிக்கா எழுதறது?

சுலோசனா: ஒரு கோடு போடு. எதையும் ஸ்கேல் வெச்சுத்தானே செய்வே. ஸ்கேல் வெச்சே போடு.

பாலன்: கிண்டல் வேண்டாம். நாலு மணிக்கு சித்தையண்ணன் வந்துடுவாரு. சங்கத்துச் செயலாளர் அவருதானே. அவர் கையில இந்தப் பக்கத்தைக் கொடுத்தா, நேரா அச்சகத்துக்குப் போறாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை விழா. விழா மலர்ல இது ஒண்ணுதான் பாக்கி.

சுலோசனா: மணி மூணுதானே ஆகுது. இந்தா, அவரைக்கொட்டை ஊறி இருக்கு. பிதுக்கிக்கிட்டே பேசு.

பாலன்: பேப்பர் நனைஞ்சுடும்.

சுலோசனா: அப்ப நீ படி, நான் பிதுக்கறேன். ஆரம்பத்துல இருந்து படி. தம்பி எழுதினதை நான் கேக்கக்கூடாதா?

பாலன்: நல்லா இல்லைன்னா சொல்லிடணும். ஈவினிங் காலேஜ்ல சார்கிட்ட காட்டினேன். 'இருக்கட்டும், பரவாயில்லை'ன்னாரு. பரவாயில்லைன்னா நல்லா இல்லைன்னுதானே...

சுலோசனா: படிடா.

பாலன்: "மைசூரில் மேடைக் கச்சேரி செய்யும் ஒன்பது ஆர்கெஸ்ட்ராக்கள் சேர்ந்து அமைத்தது நவஸ்வர சங்கம். சங்கம் ஆண்டுதோறும் டிசம்பரில் விருது விழா நடத்துகிறது. தபேலா, கீபோர்டு, அறிவிப்பாளர் என்று பல பரிசுகள் உண்டு. அவற்றை நடுவர்கள் முடிவு செய்கிறார்கள். சிறந்த பாடகருக்குரிய முதன்மையான 'ஸ்வர்ணகண்ட' விருதை மட்டும் நடுவர்கள் தொடுவதில்லை. பாட்டுக் கேட்பவர்கள் அனுப்பும் போஸ்ட் கார்டுகளே அதை முடிவு செய்கின்றன."

சுலோசனா: 'தொடுவதில்லை' நல்லா இருக்கு.

பாலன்: நிஜமாவா? முதல்ல 'தலையிடுவதில்லை'ன்னு போட்டேன். அடிச்சேன். அப்புறம் திரும்ப...

சுலோசனா: விடு. இருக்கறது போதும். மேல.

பாலன்: "1986-இல் முதல் பரிசு ஒரு டேபிள் ஃபேன். அதை வென்றவர் ரயில்வே தொழிற்கூடத்தில் ஃபிட்டராக இருந்த பழனிமுத்து."

சுலோசனா: அந்த ஃபேன் இன்னும் ஓடுதாம். கழுத்து மட்டும் திரும்பாதாம்.

பாலன்: அதையும் போடவா?

சுலோசனா: பழனிமுத்து கோவிச்சுப்பாரு. அவருக்கும் இப்ப கழுத்து திரும்பறதில்லை.

பாலன்: "1987-இல் சுவர்க் கடிகாரம். 1988-இல்தான் இப்போதுள்ள கேடயம் வந்தது. கருங்காலிப் பீடத்தின் மேல் பித்தளை மைக். வென்றவர் அதை ஓராண்டு வீட்டில் வைத்திருந்து, துலக்கி, அடுத்த விழாவில் திருப்பித் தர வேண்டும்."

சுலோசனா: கருங்காலி இல்லைடா, ஈட்டி மரம். மைசூர்ல இருந்துக்கிட்டு இது தெரியலைன்னா... அந்த மைக்கைப் பாத்தா எனக்கு எப்பவும் ஐஸ்கிரீம் கோன் ஞாபகம்தான்.

பாலன்: பாத்தியா, தப்பு. இன்னும் எத்தனை தப்பு இருக்கோ. ஈட்டி மரம்... மாத்திட்டேன். "1989-இல் இருவருக்குச் சமமாகக் கார்டுகள் வந்தன. கேடயத்தை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று."

சுலோசனா: தசரா சண்டையை விட்டுட்டியே.

பாலன்: அது மலர்ல வரலாமா?

சுலோசனா: அதுதானே சரித்திரம். தசரா வர்ற ஆறு மாசம் எனக்குத்தான்னு ரெண்டு பேரும் நின்னாங்க. கடைசியில சித்தையண்ணன் தசராவையே அஞ்சு நாள், அஞ்சு நாள்னு வெட்டினாரு. ஆறாம் நாள் விடியக்காலையில ஒருத்தரு ஸ்கூட்டர்ல போய் நின்னாரு. இன்னொருத்தரு பல்லுகூட விளக்கலை.

பாலன்: சுருக்கமா போடறேன். "வென்றவர், தமக்கு வந்த ஒவ்வொரு கார்டுக்கும் விழாவுக்கு முன்பே தம் கையால் நன்றி எழுதி அனுப்புவது வழக்கம். இதற்காக அந்தக் கார்டுகளைச் சங்கம் ஒரு பையில் கட்டி அவரிடம் கொடுத்துவிடும்."

சுலோசனா: அதை எடுத்துடேன். நீளமா இருக்கு.

பாலன்: ரெண்டு வரிதானே.

சுலோசனா: சரி, உன் இஷ்டம்.

பாலன்: "1990-இல் மீண்டும் பழனிமுத்து." அதுக்கப்புறம்... அதுக்கப்புறம் மூணு விதமா எழுதி வெச்சிருக்கேன்.

சுலோசனா: மூணுமா?

பாலன்: முதல்ல, "1991: விருது வழங்கப்படவில்லை." வெறும் அதுதான். ரெண்டாவது, "காவிரிக் கலவரத்தால் 1991-இல் விருது வழங்கப்படவில்லை." மூணாவது, சங்கம் இப்ப போட்ட தீர்மானம். "1991-இல் 512 கார்டுகள் பெற்று முதலிடம் வந்தவர் சுலோசனா. 310 கார்டுகளுடன் அடுத்து வந்தவர் லிங்கம்மா. அந்த டிசம்பரில் நகரில் தமிழர்கள் அஞ்சி வாழ்ந்த சூழலில் சுலோசனா விழாவுக்கு வரவில்லை. சங்கமும் அவர் பெயரைப் பதிவு செய்யாமல் விட்டது. அதற்கு வருந்தி, இவ்வாண்டு மேடையில் அவ்விருதை அவருக்கே அளிக்கிறது."

சுலோசனா: 'வருந்தி'ன்னு அவங்களே போடச் சொன்னாங்களா?

பாலன்: சித்தையண்ணன் சொன்னாரு. கூட்டத்துல ஒருத்தர்கூட மறுத்துப் பேசலையாம். கன்னடக்காரங்கதான் முதல்ல கை தூக்கினாங்களாம்.

சுலோசனா: நல்லவங்கதான்.

பாலன்: நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும். பத்து நாளா கேக்கறாரு. நீ சரியும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை.

சுலோசனா: உனக்கு எதுடா பிடிச்சிருக்கு, அந்த மூணுல?

பாலன்: எனக்கா? எனக்கு... முதலாவதே போதும்னு தோணுது.

சுலோசனா: ஏன்? அக்கா மேடை ஏறினா உனக்கு ஆகாதா?

பாலன்: அப்படி இல்லை. மேடை, கூட்டம், எல்லாரும் உன்னையே பாப்பாங்க. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு...

சுலோசனா: பதினேழு வருஷம் மேடையில நின்னவளுக்கு கஷ்டமா இருக்குமா? சும்மா எதாவது சொல்லாதே.

பாலன்: அக்கா, உன் பேரைப் போடக்கூடாதுக்கா.

சுலோசனா: ம்.

பாலன்: ஏன்னு கேக்க மாட்டியா?

சுலோசனா: நீயே சொல்லுவே. முதல்ல பேப்பரைக் கீழ வை.

பாலன்: அந்த ஐநூத்திப் பன்னண்டு கார்டு இருக்கில்ல... அதுல நூத்தி எண்பது நான் எழுதினது. அப்ப நோட்டுப்புத்தகம் சப்ளை பண்ற வேலையில இருந்தேனே. ஊர் ஊரா போவேன். ஸ்ரீரங்கப்பட்டணத்துல கொஞ்சம், நஞ்சன்கூடுல கொஞ்சம், குண்டலுபேட்டைலதான் நிறைய போட்டேன். தபால் முத்திரை வேற வேறயா விழணும்னு. மூணு கலர் மை. பேரெல்லாம் நானே யோசிச்சேன். அறுபது கார்டு இடது கையால எழுதினேன்.

சுலோசனா: இடது கையில எழுதினதுதான் கையெழுத்து நல்லா இருந்துச்சு.

பாலன்: என்னது?

சுலோசனா: தெரியும்டா.

பாலன்: எப்ப... யார் சொன்னா?

சுலோசனா: யாரும் சொல்லலை. பையைப் பிரிச்சு நன்றி எழுத உக்காந்தேன். ஒரு நாளைக்கு முப்பது கார்டு. ஒரு வாரம் கழிச்சு நான் போட்ட நன்றிக் கார்டு திரும்பி வர ஆரம்பிச்சுது. அப்படி யாரும் இங்க இல்லைன்னு எழுதி, போஸ்ட்மேன் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டா கொடுத்தான். எல்லாம் குண்டலுபேட்டை. ஏன்டா, குண்டலுபேட்டைல யாருடா எனக்கு? அங்க நான் ஒரு கச்சேரிகூடப் பாடினதில்லையே.

பாலன்: அதை... அதை நான் யோசிக்கவே இல்லை.

சுலோசனா: முத்திரையை யோசிச்சே, மையை யோசிச்சே. அதுல அபிஜித்னு ஒருத்தன், ஏழு தெருவுல குடியிருந்தான்.

பாலன்: பேர் தீந்துபோச்சுக்கா.

சுலோசனா: ம். ஆளும் தீந்துபோச்சு.

பாலன்: இத்தனை வருஷம் என்கிட்ட ஏன் கேக்கலை?

சுலோசனா: கேட்டா என்ன சொல்லுவே? எனக்காகத்தானே பண்ணினேன்னு அழுவே. அப்ப உனக்கு நிலையா ஒரு வேலைகூட இல்லை. அந்த நேரத்துல உன்னை வேற...

பாலன்: எனக்குத் தாங்கலைக்கா. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் வந்தா டைரியில எழுதுவேன். இந்த வருஷம் சொல்லிடணும்னு. அப்புறம் ஜனவரி வந்துடும்.

சுலோசனா: இப்ப சொல்லிட்டியே.

பாலன்: அப்ப... நீ விழாவுக்கு வராதது கலாட்டாவாலே இல்லையா?

சுலோசனா: கார்டு திரும்பி வந்தது ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி. கலாட்டா அதுக்கப்புறம்தான். பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பெரியப்பா கடை போர்டுல தமிழ் எழுத்து மேல தார் பூசினாங்க. அப்பா ஒரு வாரம் வேலைக்குப் போகலை. தெருவுல நாமளே கன்னடத்துல பேசிக்கிட்டோம். ஞாபகம் இருக்கா?

பாலன்: இருக்கு.

சுலோசனா: ஆனா சித்தையண்ணன்கிட்ட 'நான் வரலைண்ணா'ன்னு போய்ச் சொன்னேன் பாரு, அது அதுக்காக இல்லை. ஏன்னு அவர் கேக்கவே இல்லை. அவரா ஒண்ணை நினைச்சுக்கிட்டாரு. நானும் அப்படியே விட்டுட்டேன். அப்புறம் ஊரே அப்படித்தான் நினைச்சுது. நம்மாளுங்க இருபது பேர் வந்து சால்வை போத்தி, அநியாயம் அநியாயம்னாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதைப் பாத்து அடக்கம்னாங்க.

பாலன்: நான்தான் அவங்களுக்குக் காபி கொடுத்தேன்.

சுலோசனா: நான் விலகிட்டா லிங்கம்மாவுக்குக் கொடுத்துடுவாங்கன்னு நினைச்சேன். அடுத்து வந்தவ அவதானே. அவங்க யாருக்கும் கொடுக்காம காலியா விட்டுட்டாங்க. எனக்கு அது மார்ச் மாசம்தான் தெரியும். லிங்கம்மா அந்தக் கலாட்டாவுலயே நம்ம வீட்டுக்கு வந்தா, தெரியுமா? நீ வெளியூர்ல இருந்தே.

பாலன்: வந்தாங்களா?

சுலோசனா: ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்து பஸ் பிடிச்சு வந்தா. 'நீ வா, மேடையில உன் பக்கத்துல நான் நிக்கறேன், யார் என்ன பண்றாங்கன்னு பாக்கலாம்'னா. நான் அவ மூஞ்சியைப் பாக்கலை.

பாலன்: அவங்களுக்கு அப்புறம் கிடைக்கவே இல்லையேக்கா. பட்டியல்ல எங்கயும் பேர் இல்லை.

சுலோசனா: எப்படிக் கிடைக்கும்? தொண்ணூத்திரெண்டுல கல்யாணம். அவங்க வீட்டுல மேடை வேண்டாம்னுட்டாங்க. தொண்ணூத்தொண்ணுதான் அவளுக்குக் கடைசி வருஷம்.

பாலன்: ...இரு. இருக்கா. ஒரு நிமிஷம்.

சுலோசனா: என்ன?

பாலன்: ஐநூத்திப் பன்னண்டுல நூத்தி எண்பது போனா... முந்நூத்தி முப்பத்திரெண்டு. லிங்கம்மாவுக்கு முந்நூத்திப் பத்து. அக்கா, இருபத்திரெண்டு கூட இருக்கு உனக்கு.

சுலோசனா: ம்.

பாலன்: திரும்பப் போட்டுப் பாக்கறேன். முந்நூத்தி முப்பத்திரெண்டு. ஆமா. என் கார்டு ஒண்ணுகூட இல்லாமலே நீதான் முதல்ல வந்திருக்கே. ஆறு வருஷமா நான் இந்தக் கணக்கைப் போடவே இல்லை பாரு. பண்ணின தப்பையே நினைச்சுக்கிட்டு... அக்கா, நீ நிஜமாவே ஜெயிச்சிருக்கே.

சுலோசனா: தண்ணி குடி. மூச்சு வாங்குது உனக்கு.

பாலன்: சித்தையண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன். நூத்தி எண்பதைக் கழிச்சுட்டு, முந்நூத்தி முப்பத்திரெண்டுன்னு போட்டு, உன் பேரையும் போடலாம். பொய் இல்லாம எழுதலாம். நீ இந்தக் கணக்கைப் போட்டே பாக்கலையா?

சுலோசனா: போட்டேன்.

பாலன்: எப்ப?

சுலோசனா: அப்பவே.

பாலன்: அப்பவேன்னா... அப்புறம் ஏன் போய் வரலைன்னு சொன்னே?

சுலோசனா: கேட் சத்தம் கேக்குது. அவருதான். எழுந்து போய்த் திற.

சித்தையன்: என்ன அம்மிணி, வீடெல்லாம் அவரை வாசம்? கொள்ளேகாலத்துல எங்க ஊட்டுல இன்னைக்கு இதேதானுங்க. என்ன பாலா, பக்கம் ரெடியா?

பாலன்: ஒரே ஒரு வரிதாண்ணா பாக்கி.

சித்தையன்: அந்த ஒரு வரிக்குத்தான் நானே வந்தேன். இல்லாட்டி பையனை அனுப்பியிருப்பேன். அம்மிணி, உக்காரு. ஒண்ணு சொல்லோணும்.

சுலோசனா: சொல்லுங்கண்ணா. காபி போடறேன்.

சித்தையன்: காபி கெடக்கட்டும். உக்காரு. அன்னைக்கு நீ என்ற ஊட்டு வாசல்ல வந்து நின்னு, நான் வரலைண்ணான்னு சொன்னே. நான் ஏன்னு கேட்டேனா?

சுலோசனா: கேக்கலை.

சித்தையன்: கேக்கலை. கேட்டிருக்கோணும். 'நீ வா, நாங்க இருக்கறோம்'னு சொல்லியிருக்கோணும். உள்ளுக்குள்ள எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? 'அப்பாடா'ன்னு இருந்துச்சு. டவுன் ஹால் வாசல்ல தமிழ்ப்பொண்ணு பேரை எழுதி வெச்சு, எவனாவது வந்து மைக் செட்டை உடைச்சா என்ன பண்றதுன்னு ரெண்டு நாளா தூங்கலை. நானும் ஊட்டுல தமிழ் பேசறவன்தானே. நீயா வந்து வரலைன்னதும் எனக்குத் தப்பிச்சுட்டோம்னு ஆயிப்போச்சு. அந்த அப்பாடாவுக்குத்தான் அம்மிணி இப்ப மன்னிப்புக் கேக்கறேன். சங்கம் கேக்கறது வேற. இது நான் கேக்கறது.

சுலோசனா: அண்ணா, நீங்க போய்...

பாலன்: அண்ணா, நானும் ஒண்ணு சொல்லணும். இப்ப சொல்லலைன்னா சொல்லவே மாட்டேன். அக்காவுக்கு வந்த கார்டுல நூத்தி எண்பது நான் கள்ளத்தனமா எழுதினது.

சித்தையன்: எத்தனை?

பாலன்: நூத்தி எண்பது. கழிச்சுட்டேன். கழிச்சாலும் அக்காதான் முதல்ல. இருபத்திரெண்டு கூட. நீங்களே பாருங்க.

சித்தையன்: அட கிறுக்கா. நூத்தி எண்பது கார்டு எழுதற நேரத்துக்கு நீ ரெண்டு பரீட்சை பாஸ் பண்ணியிருக்கலாமே.

பாலன்: தப்புதாண்ணா. மலர்லயே என் பேரைப் போட்டு எழுதிடறேன். என்ன தண்டனை வேணாலும்...

சித்தையன்: தண்டனையெல்லாம் என்ன. எந்த ஊட்டுலதான் நாலு கார்டு சேத்து எழுதலை? பழனிமுத்து ஊட்டுல மாடு கன்னு பேர்ல எல்லாம் எழுதினாங்க. நீ கொஞ்சம் அளவு மீறிட்டே. சொல்லிட்டியல்ல, போதும். முந்நூத்தி முப்பத்திரெண்டு, முந்நூத்திப் பத்து. அப்பவும் இவதானே முதல்ல. எனக்கு இன்னும் நிம்மதியாப் போச்சு. பேனாவைக் கொடு, என்ற கையாலயே அந்த வரியை எழுதறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு...

பாலன்: அக்கா, சரிதானே? ஏதாவது சொல்லேன். ஏன் அழறே?

சுலோசனா: பேனாவை மூடுங்கண்ணா. நீங்க கேட்ட மன்னிப்பை நான் எடுத்துக்கறேன். அது எனக்கு வேணும். அது இந்த வீட்டுக்கு வரவேண்டியதுதான். பேர் மட்டும் வேண்டாம். பாலா, உன் கணக்குல தப்பில்லை. ஆனா அந்த முந்நூத்தி முப்பத்திரெண்டுல இன்னும் ஒரு நாப்பதைக் கழி. பத்து வருஷமா அடுத்தவங்க பாட்டுக்கு ஹம்மிங் பாடிக்கிட்டு இருந்தவ, ஆபீஸ்ல டீ நேரத்துல ஃபைலுக்குள்ள மறைச்சு வெச்சு, ஒவ்வொரு நாளும் ரெண்டு மூணுன்னு நானே எழுதினது. எவ்வளவு வருது... இருநூத்தித் தொண்ணூத்திரெண்டா? அப்ப, லிங்கம்மான்னு எழுது.